எந்த நட்டும் சேராத போல்ட்

துருவியின் பெரியப்பாவிடம் ஒரு பழைய கார் இருந்தது. பச்சை நிறம், உருண்டை விளக்குகள், பெரியப்பாவைவிட ஐந்து வயது மூத்தது. பெரியம்மாவின் பிறந்தநாள் அவருக்கு மறந்துபோகும். காருக்கு எண்ணெய் மாற்றும் நாள் மறக்காது. தெருவுக்கே தெரிந்த விஷயம் இது.

துருவி ஐந்தாம் வகுப்பு. எதையும் துருவித் துருவிக் கேட்பதால் வந்த பெயர். எதிர்வீட்டில் அவள் தோழி கீச்சு. அவள் குரலைக் கேட்டவர்கள் பெயருக்குக் காரணம் கேட்கமாட்டார்கள்.

அன்று சனிக்கிழமை. மாலை ஐந்து மணிக்குக் கீச்சுவின் குடும்பம் வேறு ஊருக்குக் குடிபோகிறது. ஒரு தடவையாவது அந்தக் காரில் ஏற்றிக்கொண்டு போவதாகத் துருவி அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். இரண்டு வருஷமாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும் வாக்கு அது. இன்றைக்கு விட்டால் இனி கிடையாது.

காலையில் பார்த்தால், முன்பக்க இடது சக்கரம் காற்றில்லாமல் தரையோடு தரையாகக் கிடந்தது.

"ஒரு நிமிஷ வேலை," என்றார் பெரியப்பா.

வழக்கமாக மெக்கானிக்தான் சக்கரத்தைக் கழற்றுவார். பெரியப்பா பக்கத்தில் நின்று ஆலோசனை சொல்வார். இன்று மெக்கானிக் ஊரில் இல்லை. ஆலோசனை மட்டும் இருந்தது.

ஸ்பேனரை மாட்டி, எந்த நட்டையும் கழற்றுகிற மாதிரி, கடிகார முள்ளுக்கு எதிர்ப்பக்கமாக அழுத்தினார். அசையவில்லை. ஸ்பேனர் பிடியில் நீளமான இரும்புக் குழாயைச் செருகி, அதன்மேல் ஏறி நின்றார். பெரியப்பாவின் எடை லேசுப்பட்டது இல்லை.

டக்!

நட்டு கழலவில்லை. சக்கரத்தைப் பிடித்திருந்த போல்ட்டே முறிந்து, நட்டோடு கீழே விழுந்தது.

"துரு," என்றார். அடுத்ததும் முறிந்தது. "பயங்கரத் துரு."

மூன்றாவது முறிந்ததும் பெரியம்மா ஜன்னலில் எட்டிப் பார்த்தார். "இன்னும் எத்தனை பாக்கி?"

"ரெண்டு."

"அதையாவது விட்டு வைங்க. ஞாபகார்த்தமா இருக்கட்டும்."

முறிந்த துண்டை எடுத்துக்கொண்டு பெரியப்பாவும் துருவியும் உதிரிபாகக் கடைக்குப் போனார்கள். நட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த முனையில் கடைக்காரர் ஒரு புது நட்டை வைத்துத் திருகிப் பார்த்தார். வழுக்கியது. வேறொன்று. அதுவும் சேரவில்லை.

"தடிமன் சரியாத்தான் இருக்கு. ஆனா மரை எப்படின்னு தெரியலையே சார். மரை கழண்டிருக்குமோ?"

பெரியப்பாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "யாருக்கு மரை கழண்டிருக்கு? எனக்கா?"

"ஐயோ, போல்ட்டைச் சொன்னேன் சார்!"

"போல்ட்டு என்னோடதுதானே!"

துருவி அவரை வெளியே இழுத்து வருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

வீட்டு வாசலில் கீச்சு நின்றிருந்தாள். எதிரே லாரியில் கட்டில் ஏறிக்கொண்டிருந்தது.

"இல்லாட்டிப் பரவால்லடி," என்றாள் கீச்சு. அன்றைக்குத்தான் அவள் குரல் முதல்முறையாக மெதுவாக வந்தது. துருவிக்கு அது பிடிக்கவே இல்லை.

"யாரு இல்லைன்னா? நீ போய் ரெடியா இரு."

முறியாமல் மிச்சமிருந்த போல்ட் முனைகளைத் துருவி துணியால் துடைத்தாள். அழுக்குக்கு அடியில் 'எல்' என்ற ஆங்கில எழுத்து தெரிந்தது.

"பெரியப்பா, எல்னா என்ன?"

"லார்ஜ். பெரிய சைஸ்னு அர்த்தம்."

துருவி காரைச் சுற்றிப் போய் மறுபக்கச் சக்கரத்தைத் துடைத்தாள். "இங்க ஆர் போட்டிருக்கே? அப்போ இது ரொம்ப லார்ஜா?"

பெரியப்பா குனிந்து அந்த எழுத்தை விரலால் தேய்த்துப் பார்த்தார். தேய்த்த பிறகும் அது ஆர் ஆகவே இருந்தது.

"எல்னா லெஃப்ட், ஆர்னா ரைட்டு. ரெண்டு பக்கமும் ஒரே போல்ட்டா இருந்தா எழுத்து எதுக்கு?"

சொல்லிக்கொண்டே துருவி இடது சக்கரத்துக்குத் திரும்பி வந்து ஸ்பேனரை மாட்டி, கடிகாரம் ஓடுகிற பக்கமாகத் தன் முழுப் பலத்தையும் கொடுத்தாள். கிரீச்! நட்டு சுற்றத் தொடங்கியது. குழாயும் வேண்டியிருக்கவில்லை, பெரியப்பாவின் எடையும் வேண்டியிருக்கவில்லை.

"இந்தப் பக்கம் மரையைத் தலைகீழா வெட்டியிருக்காங்க. நீங்க கழட்டலை பெரியப்பா, முறிய முறிய இறுக்கியிருக்கீங்க!"

"ஆமாமா. சக்கரம் ஓடும்போது நட்டு தளராம இருக்க அப்படிச் செய்வாங்க. எனக்குத் தெரியும். கொஞ்சம் மறந்துட்டேன்." பெரியம்மா ஜன்னலில் இருக்கிறாரா என்று அவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார். இருந்தார்.

சக்கரம் கழன்றது. சக்கரம் மாட்டும் தட்டின் பின்பக்கம் சிக்கியிருந்த, முறிந்த போல்ட்டுகளின் தலைகளைப் பெரியப்பா சுத்தியலால் தட்டி எடுத்தார். முறிந்த துண்டுகளைக் குறட்டால் பிடித்து நட்டுகளையும் விடுவித்தார். ஒரு நட்டையும் ஒரு போல்ட் தலையையும் எடுத்துக்கொண்டு பழைய இரும்புக்கடைக்கு ஓடினார்கள்.

"பழைய காரோட இடது மரை போல்ட்டு இருக்காம்மா?" என்று மூச்சு வாங்கினார் பெரியப்பா.

இரும்புக்கடை அக்கா மலைபோல் குவிந்த சாமான்களைக் காட்டினார். "இங்க எல்லாத்துக்கும் எடை தெரியும் சார். பேரு தெரியாது."

பெரியப்பாவின் தோள்கள் தொங்கிவிட்டன. துருவி யோசித்தாள். இடது மரை என்று தெரியாதவர்கள், அந்தப் போல்ட் கையில் கிடைத்தால் என்ன செய்திருப்பார்கள்?

"அக்கா, பார்க்க நல்லா இருந்தும் எந்த நட்டும் சேரலைன்னு ஒதுக்கி வெச்ச போல்ட்டு ஏதாவது இருக்கா?"

அக்கா சிரித்துவிட்டார். "அட, பைத்தியக்கார டப்பா! நல்ல இரும்பு, தூக்கிப்போட மனசு வரலை. யாருக்கும் உதவவும் இல்லை."

பிஸ்கட் டப்பா ஒன்று வந்தது. துருவி ஒவ்வொரு போல்ட்டிலும் நட்டை எதிர்ப்பக்கமாகத் திருகிப் பார்த்தாள். முதலாவது தடிமன். இரண்டாவது குட்டை. மூன்றாவதில் நட்டு வெண்ணெய்போல் ஏறியது. போல்ட் தலைக்குக் கீழே வெட்டியிருந்த பற்களும் பழைய தலையோடு அச்சாகப் பொருந்தின. டப்பாவின் அடிவரை தேடியதில் அதே மாதிரி இன்னும் இரண்டு கிடைத்தன.

"எடுத்துட்டுப் போ கண்ணு," என்றார் அக்கா. "இத்தனை நாளா அதுங்களைப் போய்த் திட்டிட்டிருந்தேன்."

நாலரை மணிக்கு மூன்று போல்ட்டுகளும் அந்தத் தட்டில் ஏறி உட்கார்ந்தன. மாற்றுச் சக்கரத்தை மாட்டி, ஐந்து நட்டுகளையும் சரியான பக்கமாகத் துருவியே இறுக்கினாள். பெரியப்பா பக்கத்தில் நின்றார். ஆலோசனை எதுவும் சொல்லவில்லை.

கீச்சு ஓடிவந்து முன் இருக்கையில் ஏறினாள். "ஒரே ஒரு ரவுண்டு, போதும் பெரியப்பா!"

"ரவுண்டா? உன் புது வீட்டு வாசல்லயே இறக்கிவிடுறேன். துருவி, நீயும் ஏறு. கீச்சு, உங்கப்பா லாரியில வரட்டும்."

கீச்சு போட்ட கூச்சலில் தெருவில் மூன்று கதவுகள் திறந்தன.

பச்சைக் கார் தன் வயதுக்கேற்ற வேகத்தில் நடுச்சாலையில் கம்பீரமாகப் போனது. பின்னால் மாட்டிக்கொண்ட லாரிக்காரர் விடாமல் ஹாரன் அடித்தார். துருவி ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

"பொறுமையா வாங்கண்ணே! இவ ஊருக்குப் போய்ச் சேர எங்களுக்கு ஒண்ணும் அவசரம் இல்லை!"