பட்டன் இல்லாத பிளேயர்

பிரீனாவுக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை கிடையாது. கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பு படித்தாள். பாடங்களை அவள் காதால்தான் படிப்பாள். பக்கத்து வீட்டு அனிஷும் அதே வகுப்பு. அவன் பாடப்புத்தகத்தை உரக்க வாசிப்பான். அம்மாவின் போனில் அதைப் பதிவு செய்துகொள்வார்கள்.

அனிஷ் நன்றாகத்தான் வாசிப்பான். ஆனால் நடுவில் தும்முவான். நீர்ச் சுழற்சிப் பாடத்தில், மேகம் குளிர்ந்து மழையாகும் இடத்தில், "ஏலே, கோழி அடுப்படிக்குள்ள ஏறுது, பிடி" என்று அவன் அம்மாவின் குரல் கேட்கும். அந்தப் பாடத்தை நினைத்தாலே பிரீனாவுக்கு மழைக்கு முன்னால் கோழி வந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. போன் அம்மாவுடையது. அம்மா கிரேசி முந்திரிக்கொட்டை உடைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தார். காலையில் அவரோடு போனும் போய்விடும். சாயங்காலம் திரும்பி வந்ததும் துபாயிலிருந்து அப்பா கூப்பிடுவார். அப்பா பேசி முடிப்பதற்குள் பிரீனாவுக்குத் தூக்கம் வந்துவிடும்.

இதைத் தெரிந்துகொண்ட சுனிதா டீச்சர், ஊரில் உள்ள ஒரு நற்பணி மன்றத்தில் பேசினார். மன்றத்தின் தலைவர் வைகுண்டராஜன் பெயிண்ட் கடை வைத்திருந்தார். அவர் உடனே ஒரு பாட்டு பிளேயர் வாங்கிப் பள்ளிக்கே வந்துவிட்டார். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. பாடங்களை எல்லாம் அதில் ஏற்றிக்கொள்ளலாம்.

"ஒரு வாரம் வச்சுப் பாரு மக்கா," என்றார் அவர். "பள்ளிக்கூட விழாவுல மேடையில வந்து, கொள்ளாம்னு ஒரு வார்த்தை சொல்லணும். பொறவு மாவட்டத்துல பார்வை இல்லாத பிள்ளைங்க எல்லாருக்கும் இதே மாதிரி வாங்கிக் குடுக்கப் போறோம்."

கொள்ளாம் என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் 'நன்றாக இருக்கிறது' என்று பொருள். பிரீனா மகிழ்ச்சியோடு தலையாட்டினாள்.

சாயங்காலம் அம்மா போனோடு வந்ததும் அனிஷ் பாடங்களை எல்லாம் அதில் ஏற்றிக் கொடுத்தான். பிரீனா அதைக் கையில் வாங்கித் தடவிப் பார்த்தாள். முன்பக்கம் வழவழவென்று கண்ணாடி. பின்பக்கமும் வழவழ. பக்கத்தில் ஒரே ஒரு பட்டன்.

"மத்த பட்டன்லாம் எங்கேலே?"

"எல்லாம் கண்ணாடியிலதான் இருக்கு. படமா தெரியும். விரலால தொடணும்," என்றான் அனிஷ். சொல்லி முடித்த பிறகுதான் அவனுக்கே அது உறைத்தது.

அந்த ஒரு பட்டனை அழுத்தினால் பெட்டி உயிர் பெறும். உயிர் பெற்றதும், கம்பெனிக்காரர்கள் முன்பே போட்டு வைத்திருந்த ஒரு வெளிநாட்டுப் பாட்டைப் பாடும். டும் டும் என்று கொட்டுச் சத்தம், நடுவில் யாரோ விசிலடிப்பார்கள். அதிலிருந்து பாடத்துக்குப் போக, கண்ணாடியில் சரியான இடத்தைத் தொட வேண்டும். பிரீனா தொட்டால் பாட்டு நிற்கும். இன்னொரு இடத்தைத் தொட்டால் அதே பாட்டு முதலிலிருந்து தொடங்கும்.

பிரீனா அவ்வளவு எளிதில் விட்டுவிடுகிறவள் அல்ல. பிளேயரை எங்கே போனாலும் எடுத்துப் போனாள். பஸ்ஸில் அனிஷ் பாடத்தைப் போட்டுக் கொடுத்தான். பஸ் சத்தத்தில் பாதிகூடக் கேட்கவில்லை. ஒருவழியாகச் சமூக அறிவியல் பாடம் சூடு பிடிக்கும்போது, பைக்குள் ஏதோ இடித்துப் பெட்டி அணைந்துவிட்டது. மறுபடி போட்டால் விசில்காரன் வந்துவிட்டான். எங்கே நிறுத்தினோம் என்பதை அந்தப் பெட்டி நினைவில் வைத்துக்கொள்வதே இல்லை.

பள்ளி விட்டு, பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வரும்போது, பெட்டியோடு வந்த ஹெட்போனைக் காதில் மாட்டிப் பார்த்தாள். இப்போது பாடம் தெளிவாகக் கேட்டது. ஆனால் ரப்பர் தோட்டத்து வளைவில் வந்த பைக்கின் சத்தம் கேட்கவில்லை. அனிஷ் அவள் கையைப் பிடித்து இழுத்ததால் தப்பினாள். பிரீனா ஹெட்போனைக் கழற்றிப் பையில் போட்டாள். காதையும் மூடிவிட்டால் அவள் எதை வைத்து வழி நடப்பாள்?

அன்று சாயங்காலம் அனிஷ் அவனுடைய அப்பாவின் பெட்டியைக் குடைந்து, அவர் வெளிநாட்டில் இருந்தபோது வைத்திருந்த ஒரு பழைய பிளேயரைத் தேடி எடுத்து வந்தான். சார்ஜ் நிற்காது. மூடி உடைந்திருந்தது. ஆனால் அதில் மேடான பட்டன்கள் இருந்தன. அனிஷ் பாடங்களை அதிலும் ஏற்றிக் கொடுத்தான். பிரீனா ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தாள். இது அடுத்தது, இது முந்தினது, இது சத்தம். சோறு வேகுமுன் அவளுக்கு எல்லாம் பிடிபட்டுவிட்டது. யாருடைய உதவியும் இல்லாமல் ஒரு பாடத்தை அவளே போட்டுக் கேட்டாள். அந்தச் சந்தோஷத்தில் கோழிப் பாடத்தையே இரண்டு முறை கேட்டாள்.

மறுநாள் சுனிதா டீச்சரிடம் போய், புதுப் பிளேயர் சரிப்படவில்லை என்று மெதுவாகச் சொன்னாள். டீச்சருக்குச் சங்கடமாகிவிட்டது. வைகுண்டராஜன் சார் ஆசையாக வாங்கித் தந்திருக்கிறார், மேடையில் குறை சொன்னால் வருத்தப்படுவார், இப்போதைக்கு நன்றி மட்டும் சொல்லிவிடு என்றார்.

அம்மாவும் அதையேதான் சொன்னார். "தானமா கிடைச்ச மாட்டுக்குப் பல்லப் பிடிச்சுப் பாக்கக் கூடாது மக்களே."

"நான் பல்லப் பாக்கல்லம்மா," என்றாள் பிரீனா. "அது நடக்குதான்னுதான் பாத்தேன். நடக்கல்ல."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும், மேடையில் வாயை அடக்கிக்கொள் என்று சொல்லித்தான் தலைவாரிவிட்டார்.

விழா நாளில் மண்டபம் நிறைந்திருந்தது. வைகுண்டராஜன் மைக்கில் வெகு நேரம் பேசினார். பிறகு பிரீனாவைப் பிளேயரோடு மேடைக்குக் கூப்பிட்டு, எப்படி இருக்கிறது என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொல்லச் சொன்னார்.

கொள்ளாம் சார், நன்றி சார். இரண்டே சொல். சொல்லிவிட்டால் கைதட்டுவார்கள். பிளேயரும் அவளுக்கே. ஆனால் அவள் முகம் தெரியாத எத்தனையோ பிள்ளைகள் வீட்டிலும் அந்த விசில்காரன் வந்து உட்கார்ந்துகொள்வான்.

"சார், நான் இப்ப அறிவியல் பாடத்தைப் போடுதேன்," என்றாள் பிரீனா. "கொஞ்சம் மைக்கப் பக்கத்துல பிடியுங்க."

பட்டனை அழுத்தினாள். டும் டும் என்று பாட்டு மண்டபம் முழுக்க ஒலித்தது. முன்வரிசைக் குழந்தைகள் கைதட்டி ஆடத் தொடங்கினார்கள். பிரீனா கண்ணாடியைத் தொட்டாள். பாட்டு நின்றது. இன்னொரு இடத்தைத் தொட்டாள். விசில் வந்தது. மறுபடி தொட்டாள். மறுபடி டும் டும். குழந்தைகள் ஆடுவதை நிறுத்திவிட்டார்கள். யாரோ இருமினார்கள். பிரீனா விடவில்லை. விரல்கள் வியர்த்து வழுக்கின. அவளுக்கு அழுகை வந்தது. அழாமல் மறுபடி தொட்டாள். மறுபடியும் அதே பாட்டு.

"போதும் போதும்," என்று வைகுண்டராஜன் மைக்கை விலக்கினார்.

"இப்படித்தான் சார் தினமும்," என்றாள் பிரீனா. மைக் இல்லாமலே அவள் குரல் கடைசி வரிசைவரை கேட்டது. "இத வச்சு நான் படிக்க முடியாது. மத்த பிள்ளைங்களுக்கும் இத வாங்காதீங்க."

"பழகப் பழகச் சரியாவும்."

"ஒரு வாரமா நான் பழகினேன் சார். அதுதான் எங்கூட பழகல்ல."

பின்வரிசையில் சிரிப்பு எழுந்தது. வைகுண்டராஜனின் முகம் சிவந்துவிட்டதாக அனிஷ் பிறகு சொன்னான். அவர், வேண்டாம் என்றால் விட்டுவிடு, வேண்டும் என்கிறவர்களுக்குக் கொடுத்துக்கொள்கிறேன் என்றார். பிரீனா பிளேயரை அவர் பக்கம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். யாரும் கைதட்டவில்லை.

வீட்டில் அம்மா அவள் சாப்பாட்டுத் தட்டில் பெரிய மீன் துண்டை வைத்தார்.

"நீ சொன்னது சரிதான். கொஞ்சம் மெதுவா சொல்லியிருக்கலாம்."

"டீச்சர்ட்ட மெதுவாத்தானேம்மா சொன்னேன். யாரும் கேக்கல்லியே."

அம்மா இன்னொரு துண்டையும் வைத்தார்.

அனிஷின் அப்பாவுடைய பழைய பிளேயரும் அதற்குள் அடங்கிவிட்டது. அந்த வாரம் பிரீனாவிடம் பிளேயரும் இல்லை, பகலில் போனும் இல்லை. அனிஷ் நேரிலேயே வாசித்தான். பள்ளியில் சிலர் அவளைத் திமிர் பிடித்தவள் என்று பேசினார்கள். கேட்காததுபோல் இருந்தாள். ஆனால் எல்லாம் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் பெயிண்ட் வாசனை அடித்தது. வைகுண்டராஜன் ஒரு துணிப்பையோடு நின்றிருந்தார். அம்மா பதறிப்போய் நாற்காலி எடுத்துப் போட்டார்.

அவர் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். "ஒரு நாள் கரண்ட் போச்சு. இருட்டுல நானும் அந்தப் பெட்டியப் போட்டுப் பாத்தேன் மக்கா. அந்த எழவு பாட்டுதான் திரும்பத் திரும்ப வருது."

பிரீனா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"நான் வாங்கும்போது பளபளன்னு இருக்கான்னுதான் பாத்தேன். உனக்கு என்ன வேணும்னு கேக்கல்ல. இப்ப கேக்குதேன்."

பையிலிருந்து ஒவ்வொரு பிளேயராக எடுத்து அவள் கையில் வைத்தார். நாகர்கோவில் கடையில் பேசி, பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாக வாங்கி வந்தாராம். முதலில் எடுத்ததன் பட்டன்கள் கொத்தமல்லி விதைபோல இருந்தன. ஒன்றை அழுத்தினால் பக்கத்தில் உள்ளதும் சேர்ந்து அழுந்தியது. பிரீனா அதைத் திருப்பிக் கொடுத்தாள். அடுத்ததில் பட்டன் நல்ல பட்டன். ஆனால் ஹெட்போன் இல்லாமல் சத்தமே வராது. ரப்பர் தோட்டத்து வளைவைப் பற்றிச் சொல்லி, அதையும் திருப்பினாள். அம்மா நெளிந்தார். பிரீனா நெளியவில்லை.

கடைசியாக ஒன்று. தடித்த பட்டன்கள். ஒவ்வொன்றும் டக்கென்று அழுந்தியது. சத்தம் கணீரென்று வெளியே வந்தது. அவள் அதை நடுவில் அணைத்து மறுபடி போட்டாள். நின்ற இடத்திலிருந்தே தொடர்ந்தது. முன்வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த அனிஷ், "அதுதாம்ட்டி" என்றான்.

வைகுண்டராஜன் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "இது கொள்ளாமா?"

பிரீனா பட்டன்களை இன்னொரு முறை தடவினாள்.

"இப்பவே எப்படி சார் சொல்ல முடியும்? வச்சிட்டுப் போங்க. ஒரு வாரம் பாத்துட்டுச் சொல்லுதேன்."

அம்மா தலையில் கைவைத்தார். வைகுண்டராஜன் எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டே, எத்தனை மணிக்கு வந்தால் வசதியாக இருக்கும் என்று பிரீனாவிடம் கேட்டார்.