சிவப்புத் தையல்

செரைனா திரையில் ஓடிய படத்தை நிறுத்தினாள். முதல் நாள் காட்சியில் கர்டின் போட்டிருந்த கம்பளி உடையின் முதுகில் தெரிந்த சிவப்புத் தையல், இன்று மாலை எடுத்ததில் இல்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை அவளே தைத்தது அது.

மலைமேய்ச்சல் முடிந்து மந்தை இறங்கும்போது ஆட்டுத்தோல் போர்த்தி ஆடுவது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். அதைத்தான் கழுவாத கம்பளி உடையில் புது மாதிரி வீடியோவாக எடுத்துக்கொண்டிருந்தாள். ஆடியது அவள் கணவன் கர்டின். பாறையிலிருந்து விழுந்து செத்த ஆட்டின் மயிரை அங்கே யாரும் கத்தரிப்பதில்லை. உடலோடு கழுகுக்கு விட்டுவிடுவார்கள். அந்த மயிரின் அழுக்கு மஞ்சள் நிறத்துக்கு ஆசைப்பட்டு இவள் கத்தரித்து உடையாக்கினாள்.

மேய்ப்பன் ஃப்ளூரின் பார்த்துவிட்டான். “செத்ததோட சட்டையையும் உருவிட்டியாம்மா? போட்டுவிடு, உன் வீட்டுக்காரனுக்கு நல்லாப் பொருந்தும்” என்றான், சிரிக்காமல்.

காட்சிக்குக் காட்சி மடிப்பு மாறக்கூடாதென்று, இரவிலும் கழற்றாதே என்று கர்டினிடம் சொன்னவளும் அவள்தான். ஈரமும் சூடும் உரசலும் பட்டால் கம்பளி இறுகி ஒட்டிக்கொள்ளும். அவன் வியர்வையிலேயே இறுகியிருக்குமோ? கத்தரியை எடுத்துக்கொண்டு, எப்படியாவது அவனை வெளியே எடுத்துவிட வேண்டுமென்று அவன் தங்கியிருந்த தொழுவத்துக்கு ஓடினாள்.

கதவைத் திறந்ததும், ஊசிப்போன கொழுப்பும் புளித்த பாலும் மூத்திரமும் கலந்த வாடை, யாரோ ஈரக்கையால் வாயைப் பொத்தியதுபோல அவள் நாக்கிலேயே வந்து படிந்தது. அரையிருட்டில் வைக்கோல்மேல் அவன் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். எதையோ மென்றுகொண்டிருந்தான்.

“கர்டின், போதும்பா. கழட்டிட்டு வா. சூப் ஆறுது.”

“நீதானே கழட்டாதேன்னே?”

“தப்புதான். திரும்பு, நான் வெட்டி எடுக்கறேன்.”

முதுகைத் தடவினாள். தையல் இல்லை. மயிர் பிசுபிசுத்தது. விலக்கினாள். அடியில் இளஞ்சிவப்புத் தோல். ஒவ்வொரு மயிரும் அதிலிருந்தே முளைத்திருந்தது. வெதுவெதுப்பாக. நடுவே வெள்ளைப் புழு ஒன்று நெளிந்தது.

“மத்தியானமே கழட்டிட்டேன், செரைனா” என்றான், மெல்வதை நிறுத்தாமல். “உள்ளே ஒரே புழுக்கம்.”

“எதைக் கழட்டினே?”

அவன் தலையை அசைத்துக் காட்டினான்.

பால்வாளி மாட்டும் ஆணி. அதில் வெளிறித் தொங்கியது ஒன்று. பால் ஆடைபோல. அதன் இடது கையில் கர்டினின் கல்யாண மோதிரம். முதுகில் கழுத்திலிருந்து இடுப்புவரை அவள் போட்ட சிவப்புத் தையல்.

அடியில், வாளியில், சொட்டிக்கொண்டிருந்தது.