மேலை வாசலில் மண்சட்டிகள்

கதையில் ஒருவனைச் சாகடிப்பது எழுத்தாளர்களுக்குப் பெரிய வேலையே இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே பத்துப் பேரைத் தீர்த்துவிடுவார்கள். பாலசுப்பிரமணியம் ஐயா அந்த ரகமில்லை. சேலத்தில் வரலாற்று வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், மலைமேல் தலைச்சோலையில் ஒரு பழைய எஸ்டேட் பங்களாவை வாடகைக்குப் பிடித்து, நான்கு வருடமாக ஒரே நாவலை எழுதிக்கொண்டிருந்தார்.

எழுநூறு வருடத்துக்கு முன்னால், மலையடியில் வேட்டைக்கோட்டை என்று ஓர் ஊர். அங்கே கட்டிநோய் வருகிறது. அக்குளில் கட்டி கிளம்பினால் நாலாம் நாள் பிணம். நோய் கண்டவர்களை மேலை வாசலுக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். வெளியே நிற்பவர்கள் மண்சட்டியைத் தரையில் தட்டித் தட்டிக் கஞ்சி கேட்கிறார்கள். கொஞ்ச நாள் மதில் மேலிருந்து ஊற்றினார்கள். அப்புறம் அதுவும் நின்றுபோனது.

இதில் ஐயாவுக்கு ஒரு பிடிவாதம். பேரில்லாமல் யாரும் சாகக் கூடாது. அதனால் பால்காரர், பங்களா வாட்ச்மேன் மாரியப்பன் என்று யார் எதிரே வந்தாலும், பழைய காலத்துப் பேர் ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வார். அவர் எழுதுவதைத் தட்டச்சு செய்து கொடுத்த மரியசெல்வியும் சொன்னாள். அதே மலையில் ஒண்டிக்கடை என்ற இடத்தில் டி.டி.பி. கடை வைத்திருப்பவள் அவள். வியாழக்கிழமைதோறும் ஸ்கூட்டியில் போய்த் தாள்களை வாங்கி வருவாள்.

மேரி, ஸ்டெல்லா எல்லாம் எழுநூறு வருடத்துக் கதையில் எடுபடாது. ஆகவே சொந்தக்காரர்களின் வீட்டுப் பேர்களாகப் பார்த்துச் சொன்னாள். மாராத்தா, செல்லக்குட்டி, வெள்ளையன். பேச்சுவாக்கில் பூவாத்தா என்றும் சொல்லிவிட்டாள். அது அவள் மகள் அபிஷாவை வீட்டில் கூப்பிடும் பேர். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அந்த ஐப்பசி வியாழக்கிழமை, மூன்று மணிக்கே மலைப்பனி மஞ்சாக இறங்கி ரோட்டை விழுங்கியிருந்தது. ஸ்கூட்டி விளக்கைப் போட்டுக்கொண்டு பங்களாவுக்குப் போய்ச் சேர்ந்தாள். முன்கதவு சாத்தியிருந்தது. சமையலறைப் பக்கமிருந்து ஐயா கை காட்டினார்.

உள்ளே வேப்பிலை கருகிய வாசம். அதற்கும் அடியில், செத்த எலி கிடக்கும் பரணைத் திறந்தால் வருமே, அந்த நாற்றம். முன்கதவுக்குக் குறுக்கே ஒரு கனமான மரச்சட்டம் போட்டு, இரண்டு பக்கமும் ஆணி அறைந்திருந்தது.

எதற்கு இது என்று கேட்டாள். காற்று ஜாஸ்தி என்றார். மஞ்சு நகராமல் நின்ற மத்தியானம் அது.

தாள்களை எடுத்து அவளிடம் நீட்டினார். அப்போதுதான் முன்கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது.

டொக். டொக்.

மரங்கொத்தி என்று அவர் சொன்னார். அவளும் நம்பிவிட்டாள். கடைக்குத் திரும்பி, டீ வாங்கி வைத்துக்கொண்டு, நாற்பத்தோராம் அத்தியாயத்தை அடிக்க உட்கார்ந்தாள்.

பூவாத்தா என்ற எட்டு வயதுப் பெண் வாசலுக்கு வெளியே நிற்கிறாள். அக்குளில் நெல்லிக்காய் அளவு கட்டி. கையில் சட்டி. இடது புருவத்தில், குறுக்கே ஒரு தழும்பு.

மரியசெல்வியின் விரல் நின்றது. போன வருடம் காப்பிக்களத்தில் விழுந்து அபிஷாவுக்குத் தையல் போட்ட இடம் அது. பேரைச் சொன்னாளே தவிரத் தழும்பைப் பற்றி அவள் ஐயாவிடம் மூச்சு விட்டதில்லை; அவர் பிள்ளையைப் பார்த்ததுமில்லை.

போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து சிஸ்டர். அபிஷாவுக்குக் காய்ச்சல் கொதிக்கிறது, உடனே வந்து கூட்டிப்போங்கள் என்றார்.

சேலத்தில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். இரத்தம், எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் எடுத்தார்கள். எதிலும் ஒன்றுமில்லை. அக்குளில் மட்டும் நெல்லிக்காய் அளவு கட்டி. மூன்றாம் நாள் காலை, கண்ணைத் திறக்காமலே பிள்ளை கட்டிலின் இரும்புக் கம்பியைத் தட்டத் தொடங்கியது.

டொக். டொக்.

மரியசெல்வி அந்தக் கையைப் பிடித்துக் கம்பியிலிருந்து விலக்கினாள்.

"கதவத் தொறக்கச் சொல்லுங்கம்மா," என்றது குழந்தை. "வெளிய நொம்பக் குளுருது."

மகளைக் கணவன் மரியதாஸிடம் விட்டுவிட்டு அடுத்த பஸ்ஸில் மலையேறினாள். அடிவாரத்திலிருந்து இருபது வளைவும் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தாள். ஜெபம் பாதியில் மறந்து மறந்து போனது.

ஐயா சமையலறையில் தரையில் உட்கார்ந்திருந்தார். நான்கு நாளாகத் தூங்காத முகம். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். காலில் விழுந்தாள். அந்தப் பேரைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள் என்று கெஞ்சினாள்.

பேரை எழுதினால் எழுதியதுதான், அடித்துப் பார்த்தாயிற்று, காலையில் மறுபடி இருக்கிறது என்றார் அவர். பொய் சொல்கிற குரலாக இல்லை.

"அப்ப கதவத் தொறந்து விடுங்க ஐயா. எம்புள்ள உள்ள வந்துரட்டும்."

அவர் முன்கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ ஒருத்தி மட்டுமா வருவா, அம்மிணி?" என்று கிசுகிசுத்தார். "வெளிய நிக்கறது முந்நூத்திப் பன்னெண்டு பேரு. பேரு வெச்சவன் நான். கதவச் சாத்துனவனும் நாந்தான். எம்மேல அவங்களுக்கு எத்தன கோவம் இருக்கும்னு எனக்குத் தெரியும்."

டொக்.

டொக். டொக்.

இந்தத் தடவை ஒரு சட்டி இல்லை. முன்பக்கம் முழுக்கத் தட்டும் சத்தம்.

அவர் காதைப் பொத்திக்கொண்டார். நான் திறக்க மாட்டேன் என்று சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். பாவம்தான். ஆனால் பெற்றவளுக்கு அதைப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை.

ஐயா அவளுக்கு விதித்திருந்த சட்டம் ஒன்றே ஒன்று. நான் எழுதியதில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாதே. நான்கு வருடம் அவள் அதை மீறியதில்லை. கடைக்கு வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, நாற்பத்தோராம் அத்தியாயத்தின் கடைசிக்குப் போனாள். முந்நூற்றுச் சொச்சம் பேர் அவளுக்கு யார்? அவளுக்குத் தெரிந்தது ஒரு பிள்ளை. சிலுவை போட்டுக்கொண்டு அடித்தாள்.

*மேலை வாசல் திறந்தது. பூவாத்தா உள்ளே வந்தாள்.*

கடைக்குள் வேப்பிலைப் புகை வாசம் குப்பென்று வந்து போனது. வெளியே, மஞ்சுக்குள், நிறையப் பேர் செருப்பில்லாமல் நடந்துபோகும் சத்தம் கேட்டது. நிற்கவேயில்லை. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

பத்து நிமிஷத்தில் மரியதாஸ் கூப்பிட்டான். காய்ச்சல் விட்டுவிட்டது, கட்டியும் இல்லை, பிள்ளை இட்லி கேட்கிறது என்று சொல்லும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது. அவளும் அழுதாள்.

மறுநாள் காலையில் அபிஷாவை வெள்ளக்கடை ஊரிலிருந்த தங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டார்கள். மருந்து வாங்க மரியதாஸ் கடைவீதிக்குப் போனான். மத்தியானம் ரசஞ்சாதம் பிசைந்து மகள் முன்னால் வைத்தாள் மரியசெல்வி. பசிக்கிறது என்று பறந்த பிள்ளை, கை வைக்கவில்லை. வாசல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஏஞ் சாமி, உண்ணு."

"அவிய எல்லாரும் பாத்துட்டிருக்கறாங்கம்மா. நான் மட்டும் எப்படித் திங்கறது?"

மரியசெல்வி திரும்பிப் பார்த்தாள். வாசலில் யாருமில்லை.

காலையில்தான் துடைத்த சிவப்பு சிமெண்டுத் தரை. அதில் நிலைப்படியிலிருந்து அடுப்படி வரைக்கும், சுவரோரம், கட்டிலுக்கடியில், அவள் உட்கார்ந்திருந்த பலகையைச் சுற்றி, இடம் விடாமல் ஈர வட்டங்கள். ஒவ்வொன்றும் சட்டியின் அடிப்பாகம் அளவு. செத்த எலியின் நாற்றம் மெல்ல ஏறியது.

"பங்களா ஐயாவும் வந்துருக்காருங்கம்மா," என்றாள் அபிஷா. "அவருக்குத்தான் சட்டி இல்ல. அழுதுட்டே நிக்கறாரு."

மேசைமேல் போன் அதிர்ந்தது. பங்களா வாட்ச்மேன் மாரியப்பனின் எண். அடித்து அடித்து ஓய்ந்தது. திரும்பவும் அடித்தது. அவன் என்ன சொல்லப்போகிறான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவள் போனை எடுக்கவில்லை. எழுந்து, வட்டங்களை மிதித்துவிடாமல் சுவரைப் பிடித்து நடந்து, அடுப்படியிலிருந்து மீன்குழம்பு வைக்கும் மண்சட்டியை எடுத்து வந்து நிலைப்படியோரம் வைத்தாள்.

அப்புறம்தான் பிள்ளை சோற்றில் கை வைத்தது.

யாரும் தொடாமலே, சட்டி தரையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி, இறங்கியது.

டொக்.