சமோசா கடைக்கு மேலே நீல விளக்கு

பருத்திப்பட்டு ஏரிக்கரைச் சாலையில் இருட்டத் தொடங்கியதும், நசீம் பானு தன் சமோசா கடையில் ஒரு புது விளக்கை மாட்டினாள். பூச்சிகளை இழுத்துக் கொல்லும் நீல விளக்கு. சமோசா தட்டுக்கு நேர் மேலே அது தொங்கியது.

மகள் ஷாகிதாவுக்கு அது ஒரு குட்டி நிலாவைப் போலத் தெரிந்தது. பூச்சிகளுக்கும் அப்படித்தான் தெரிந்திருக்க வேண்டும். மழை விட்ட நேரம். ஏரியில் இருந்த பூச்சியெல்லாம் கிளம்பி வந்துவிட்டது.

சடக். சடக். சடக்.

"இன்னாக்கா, சமோசா மேல எள்ளு தூவிக்கீற?" என்றார் சாப்பிட வந்த ஒருவர். குனிந்து பார்த்தார். எள் இல்லை, பூச்சியின் சிறகு. தட்டை வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

அடுத்து வந்தவர்களும் அப்படியே போனார்கள். அம்மா அடுப்பை அணைத்தாள்.

"மழைக்காலம் முடியட்டும். அதுவரைக்கும் கடை வேணாம். நான் பழையபடி அம்பத்தூர் கம்பெனிக்கே போறேன்."

அங்கே அம்மாவுக்கு இரவு வேலை. ஷாகிதா அத்தை வீட்டில்தான் தூங்க வேண்டும்.

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அதுங்க தானா வரல. நாமதான் கூப்பிடுறோம். விளக்கைத் தள்ளி மாட்டிப் பாரேன்."

அம்மா சுவிட்சை அணைத்து, விளக்கைக் கழற்றிக் கடையின் ஓரத்தில் மாட்டினாள். மறுபடி போட்டதும் பூச்சிகள் அங்கே திரும்பின. ஷாகிதா கை தட்டப் போனாள். அதற்குள் பக்கத்துக் கரும்புச்சாறு கடை கோவிந்தராஜ் தலையை நீட்டினார்.

"இன்னா பாப்பா, உங்க ஊட்டு விருந்தாளிங்கள என்கிட்ட அனுப்பிட்ட? ஜூஸ்ல நீச்சல் அடிச்சிகினு கீதுங்க."

"ஐயோ மாமா, தெரியாம பண்ணிட்டோம். அம்மா, முதல்ல அதை அணைச்சிடு."

"அணைச்சா திரும்ப நம்ம டியூப்லைட்டுக்குத்தான் வரும்டி."

ஷாகிதா சுற்றிலும் பார்த்தாள். இரண்டு கடைகளையும் தாண்டிக் காலி மனை ஒன்று இருட்டில் கிடந்தது.

"அந்த மனை மதில்ல மாட்டினா யாருக்கும் தொல்லை இல்ல. ஆனா ஒயர் எட்டாதே."

"ஒயருக்கு இன்னா பஞ்சம்? என்கிட்ட கீது," என்று கோவிந்தராஜ் ஒரு நீள ஒயரைக் கொண்டுவந்து, விளக்கைத் தானே மதிலில் மாட்டியும் கொடுத்தார்.

பெரும்பாலான பூச்சிகள் அங்கே போயின. சில மட்டும் கடைகளின் வெள்ளை டியூப்லைட்டைச் சுற்றின. தெருமுனையில் எரிந்த மஞ்சள் விளக்கில் அவ்வளவு பூச்சி இல்லை என்பதை ஷாகிதா கவனித்தாள். வீட்டுக்கு ஓடி, டியூப்லைட்டில் சுற்ற மஞ்சள் கண்ணாடித்தாள் இரண்டை எடுத்து வந்தாள்.

"எங்களுக்கு ஒண்ணு. உங்களுக்கு ஒண்ணு, மாமா."

இரண்டு கடைகளிலும் மஞ்சள் வெளிச்சம் பரவியது. அம்மா பூச்சி விழுந்த சமோசாக்களைக் கொட்டிவிட்டு, புதிதாகப் பொரிக்க அடுப்பைப் பற்ற வைத்தாள். சமோசா வாசனைக்கு இந்த முறை மனிதர்கள் மட்டும்தான் வந்தார்கள்.

தட்டு காலியானதும் அம்மா தனக்குள் பேசிக்கொள்வது போலச் சொன்னாள்: "நாளைக்கு மாவு கொஞ்சம் கூடவே பிசையணும்."

ஷாகிதா காதில் விழாதவள் போல, நாளைக்கான வெங்காயத்தை இப்போதே உரிக்கத் தொடங்கினாள்.