நாறாத குழி

அன்றைக்குக் குழி நாறவில்லை. பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணையில் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ரோஸ்மேரிக்குச் சோறு இறங்கவிடாமல் செய்த நாற்றம் அது. செத்த கோழிகளை அள்ளிப்போடும் குழி. வெயிலில் வெந்து, இறகும் புழுவும் சேர்ந்து கொழகொழத்து, சிமெண்ட் மூடியை நகர்த்தினாலே குடலைப் பிடுங்கும். வழக்கம்போல முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூடியைத் தள்ளியவளுக்கு வெறும் ஈரமண் வாசம்தான் வந்தது. எட்டிப் பார்த்தாள். ஒரு கோழிகூட இல்லை. நக்கித் துடைத்த எலும்புகள் மட்டும் கிடந்தன. அவற்றில் பல் பதிந்திருந்தது, சில இடத்தில் சின்னதாக, சில இடத்தில் விரல் நுழையும் அளவுக்கு.

புருஷன் சகாயராஜ் சிரித்தான். "நாய் தின்னுருக்கும்ட்டி. நல்லதாப் போச்சு, புதுக்குழி தோண்ட வேண்டாம்லா."

"மூடி போட்ட குழிக்குள்ள நாய் எப்படி போவும்?"

பண்ணைக்காரர் பெருமாள்சாமிக்கு அதைவிடச் சந்தோஷம். "எது தின்னா என்னங்க அம்மிணி, நாத்தம் போச்சில்லீங்களா?" என்றவர், பக்கத்துப் பண்ணைகளில் செத்ததையும் கொண்டுவரச் சொல்லி அதிலேயே கொட்டவைத்தார். கொட்டும்போதெல்லாம் அடியில் இரண்டு குரல்கள் மோதின. ஒன்று சீறும், மற்றது தொண்டையில் சளி கட்டிய சேவல்போலக் கரகரக்கும். பிறகு சதை கிழியும் சத்தம், சப்புகிற சத்தம். ச்சீ! மூடியை இழுத்துப் போட்டுவிட்டு ரோஸ்மேரி ஓடிவந்துவிடுவாள்.

மகள் அமலிக்கு இரண்டரை வயது. திருப்பூரில் பழுதென்று ஒதுக்கிய பனியன்தான் அவளுக்குச் சட்டை. அதில் இரண்டு டைனோசர்கள் ஒரு பிணத்துக்காக வாயைப் பிளந்து முட்டிக்கொண்டு நின்றன.

"அம்மா, இது எங்க இருக்கு?"

"எப்பவோ செத்துப் போச்சு தாயி."

"கோழியே இதுங்க வம்சந்தானாம், டிவில சொன்னான்," என்றான் சகாயராஜ். "எங்கயாவது மிச்சம் மீதி இருக்காதா என்ன?"

ரோஸ்மேரிக்குச் சிரிப்பு வரவில்லை.

கோழிகள் வளர்ந்ததும் லாரி வந்து ஏற்றிப் போனது. அடுத்த குஞ்சு இறங்கும்வரை ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, காலியாகப் போட்டுவைப்பது எல்லாப் பண்ணையிலும் உள்ள வழக்கம். கோழி இல்லாவிட்டால் செத்த கோழி ஏது? குழிக்குப் பசிக்கும் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

மேகம் மூடிய ஒரு மத்தியானம். சகாயராஜ் சுண்ணாம்பு வாங்கப் பல்லடம் போயிருந்தான். ஷெட்டுக்குள் பனியன் துணித் தொட்டிலில் அமலியைத் தூங்கவைத்துவிட்டு, ரோஸ்மேரி வெளியே தண்ணீர்த் தொட்டியடியில் கோழித்தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். காற்று திரும்பியது. நாற்றம் வந்தது, அந்தப் பழைய நாற்றம்.

குழிப் பக்கமிருந்து இல்லை. ஷெட்டுக்குள்ளிருந்து.

திரும்பிப் பார்த்தாள். குழிமூடி ஓரமாகக் கிடந்தது. அங்கிருந்து ஷெட் வாசல்வரை மஞ்சளாக ஒரு வழவழப்பு, அதில் ஒட்டிய இறகுகள்.

ஓடினாள்.

தொட்டில் மெல்ல ஆடியது. கனமாகத் தொங்கியது. மாதாவே, பிள்ளை தூங்குகிறாள். மூச்சு வந்தது.

துணியின் அடி ஈரம். சொட்டியது. மூத்திரமில்லை, கொழகொழவென்று நூலாய் இறங்கியது. கையை வைத்தாள். சில்லென்று இருந்தது. உரித்த கோழியின் தோல்போலப் புள்ளி புள்ளியாய். அது அவள் உள்ளங்கைக்குக் கீழே புரண்டது.

"அம்மா."

முதுகுக்குப் பின்னால். விழித்து, தானே இறங்கி, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றாள் அமலி. ரோஸ்மேரி வாரி அணைத்துக்கொண்டாள். பிள்ளை முழுசாக இருந்தாள். சூடாக இருந்தாள்.

தொட்டில் துணி விலகியது. மூன்று விரல் நகம். பிறகு இறகில்லாத தலை, பல் நிறைந்த வாய்.

வாசல் பக்கம் ஓடத் திரும்பினாள். வெளிச்சம் இல்லை. வாசலை அடைத்துக்கொண்டு பெரியது நின்றது, தாடையிலிருந்து புழுக்கள் உதிர.

இத்தனை நாளும் ஒரு கோழிக்காலுக்காக ஒன்றையொன்று கிழித்துக்கொண்டவை. இப்போது சீறவில்லை. கரகரக்கவில்லை. ஒன்றையொன்று பார்க்கவே இல்லை.

இரண்டும் அமலியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தன, கோழி சாய்ப்பதுபோல.