உரிமையாளர் நாள்

காலை ஐந்தே முக்காலுக்கு அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு பெண்கள் வாசலுக்கு வந்து, நிற்கும் வண்டியைப் பார்த்து "போலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். உடனே வண்டிகள் மெல்ல முனகிக்கொண்டு புறப்படும். லோகித்தின் மனைவி தன்ஷிகா வாசலுக்குக்கூட வருவதில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்தே சொல்லிவிடுவாள். ஆள் இல்லாமலே வண்டியை ஓட்டும் தானோட்டிக்கு உரிமையாளரின் குரல் காதில் விழுந்தால் போதும்.

எல்லாம் மானியம் செய்த வேலை. மின்வண்டியை மகளிர் பெயரில் வாங்கினால் பாதி விலை, சாலை வரி கிடையாது, மின்னேற்றத்துக்கும் சலுகை. சும்மா வருவதை யார்தான் விடுவார்கள்? நாமக்கல்லில் பத்துக்கு ஒன்பது வண்டி மனைவிமார் பெயரில்தான் ஓடியது. லோகித்தும் தன்ஷிகாவை ஐந்து நிமிடம் உட்காரவைத்து, குரலைப் பதிந்து, முட்டை ஏற்ற ஒரு வண்டி எடுத்துக்கொண்டான். விண்ணப்பத்தின் கடைசிப் பக்கங்களை அவன் படிக்கவில்லை. நேற்று அறிவிப்பு வந்த பிறகுதான் படித்தான்.

ஆண்டுக்கு ஒரு நாள் உரிமையாளர் நாள். அன்று வண்டி, உரிமையாளர் தாமே விரும்பிச் சொல்லும் இடத்துக்குத்தான் போகும். மூன்று வாய்ப்பு. மூன்றும் தவறினால், பெயர் மட்டும்தான் அவருடையது என்று பொருள். மானியம் ரத்து, வண்டி அன்றோடு பூட்டப்படும். பூட்டினால் லோகித்தின் பிழைப்பும் அதோடு சரி.

இதைப் படித்தும் அவன், உரிமையாளர் நாளான இன்று விடியலிலேயே முட்டையை ஏற்றி வைத்திருந்தான். ஒன்பதுக்குள் கரூர் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ச் சேர வேண்டிய முட்டை.

"ஏம்புள்ள, கரூர் மதிய உணவுக் கிடங்குன்னு சொல்லு. ஒரே வார்த்தை, முடிஞ்சுது சோலி."

தன்ஷிகா முன்னிருக்கையில் லோகித்தின் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். "கரூர் மதிய உணவுக் கிடங்கு."

"இது சொல்லிக்கொடுத்த பதில். குரலில் விருப்பம் தென்படவில்லை" என்றது வண்டி. "இன்னும் இரண்டு வாய்ப்புகள்."

லோகித் தலையைச் சொறிந்தான். "சரி, ஆஞ்சநேயர் கோயிலுன்னு சொல்லு. பொம்பளைங்க வேறெங்க போகப் போறீங்க? அதை வண்டி நம்பும்."

அவள் அதையும் சொன்னாள். வண்டி அதையும் நம்பவில்லை.

"கடைசி வாய்ப்பு. மற்றவர்கள் இறங்கிக் கதவை மூடவும்."

"தப்பாச்சுன்னா வண்டி போயிரும், தனு."

"தெரியும் மாமா. எறங்குங்க."

அவன் இறங்கிக் கதவை மூடியதும் கண்ணாடி ஏறியது. அவள் மடியில் கைகளை வைத்துக்கொண்டு எதிரே பார்த்தபடி இருந்தாள். ஒரு நிமிடம். மூன்று நிமிடம். வாய் திறக்கக் காணோம். லோகித் வண்டியை ஒரு சுற்று சுற்றினான். மணி பார்த்தான். கண்ணாடியைத் தட்டப் போன கையை இழுத்துக்கொண்டான். இப்படியா உட்கார்ந்திருப்பாள் என்று கோபமாக வந்தது. ஏதோ ஓர் ஊரைச் சொல்ல இத்தனை யோசனையா?

அப்புறம் அவள் உதடு அசைந்தது. என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. வண்டிக்குப் புரிந்துவிட்டது, பச்சை விளக்கு எரிந்தது. கண்ணாடி இறங்கியது.

"முட்டைய போற வழியில நானே எறக்கிட்டுப் போயிர்றேன்."

"எங்க போற?"

அதற்குள் வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது.

வண்டி பிழைத்தது, பிழைப்பும் பிழைத்தது. ஆனாலும் அவனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவளைக் கூப்பிட்டான், கைப்பேசி அடுப்படியிலேயே மணியடித்தது. வரைபடத்தைத் திறந்தான், உரிமையாளர் நாளில் பாதை யாருக்கும் காட்டப்படாது என்றது. அடுப்பில் பாதி வெந்த இட்லி இருந்தது. மூடியைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடினான்.

எட்டே முக்காலுக்குக் கரூர் கிடங்குக்காரர் ஜோதிபாசு கூப்பிட்டார்.

"முட்டை வந்துருச்சுங்க லோகித்து. ஒன்னுகூட உடையலைங்க."

லோகித்துக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அம்மணி எங்கீங்க போறாங்க? கேட்டேன், சிரிச்சாங்க. தூரமுங்களான்னேன், ஆமான்னாங்க. நீங்க போகலைங்களா?"

"வேலையிருக்குதுங்க."

"எந்த ஊருன்னாவது சொல்லலாமில்ல?"

லோகித் யோசித்தான். அவள் அம்மா வீடு? அம்மா போய்ச் சேர்ந்து இரண்டு வருடமாகிறது. தோழிகள்? ஒருத்தி பெயர்கூட அவனுக்குத் தெரியாது. ஒருமுறை அவள் ஓர் ஊர்ப் பெயரைச் சொல்லி, சின்ன வயதில் பார்த்தது, இன்னொரு தடவை போகணும் என்றிருக்கிறாள். அப்போது அவன் சக்கரத்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தான். "ம்" என்று சொன்னது நினைவிருந்தது. வெட்கமாக இருந்தது.

"லைன்ல இருக்கீங்களா?" என்றார் ஜோதிபாசு.

"இருக்கேனுங்க" என்றான். அந்த ஊரின் முதல் எழுத்துகூட நினைவுக்கு வரவில்லை.