மடிப்பு வெட்டாத பிரசங்கம்

அந்தப் பழைய வீட்டின் வாசலில் மழைக்கோட்டைக் கழற்றும்போதே என் கணவர் வீட்டுக்காரம்மாவிடம் கேட்டுவிட்டார்: "புத்தகம் எடுத்து வெச்சிருக்கீங்களா?" நல்லா இருக்கீங்களா என்று ஒரு பேச்சு இல்லை. அவர் அப்படித்தான்.

முன்னொரு காலத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட நாட்டுத் தலைவருக்காகத் தேவாலயங்களில் செய்த இரங்கல் பிரசங்கங்களை அவர் சேகரிக்கிறார். கறுப்புக் கரை போட்டு அச்சடித்த மெல்லிய புத்தகங்கள். வாங்கி வந்ததும் சத்தமாகப் படித்து, பொலபொலவென்று அழுவார். போன வருடம் எங்கள் மகள் காய்ச்சலில் இறந்தபோது அந்தக் கண்ணீர் எங்கே போயிருந்ததோ. அடக்கத்தில் நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். "எனக்கு வரல" என்று நகர்ந்துவிட்டார். இன்றுவரை அவளைப் பற்றி வாய் திறக்கவில்லை. எனக்கு வேண்டியதெல்லாம் அவளுக்காக ஒரு வார்த்தைதான்.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற நர்ஸ். அப்படியொரு பிரசங்கம் செய்த போதகரின் வம்சத்தில் மிஞ்சியவர். அவர் கொடுத்த புத்தகத்தின் தாள்கள், அச்சகத்தில் மடித்தபடியே ஓர மடிப்பு வெட்டாமல் மூடிக் கிடந்தன.

"தலைவர் செத்த அதே வாரம் போதகரோட பொண்ணும் மாடி ரூம்ல செத்துப்போனா. சின்னப் பிள்ளை. அவர் ஊரையே அழ வெச்சுட்டு வந்தார். அவளுக்குன்னு ஒரு வார்த்தை சொல்லல. அதனால அவ அம்மா இதைப் பிரிக்கவே விடல. நீங்களும் பிரிக்காதீங்க சார்."

சொன்னால் கேட்கிற ஆளா அவர்? வீட்டுக்கு வந்ததும் கத்தியை எடுத்து மடிப்புகளை வெட்டினார்.

ஒரு வாடை எழுந்தது. பழைய காகித வாடை இல்லை. காய்ச்சல்காரக் குழந்தையின் வியர்வையில் நனைந்த தலையணை வாடை. அதை நான் மறப்பேனா?

"நம் தகப்பன் போய்விட்டார்," என்று படித்தார். குரல் தழுதழுத்தது. "இனி இந்த வீட்டில் யார் விளக்கேற்றுவார்?"

மூச்சு வாங்க நிறுத்தினார்.

"எனக்கு?"

மேஜைக்கு அடியிலிருந்து வந்தது. சின்னக் குரல்.

அவருக்கும் கேட்டது. ஆனாலும் சத்தத்தைக் கூட்டிப் படித்தார். அடுத்த முறை நிறுத்தியபோது இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது.

"அப்பா, எனக்கு?"

அந்தக் குரலைப் பெற்றவள் நான்.

"பேசுங்க," என்று கெஞ்சினேன். "நம்ம குழந்தை அது. ஒரே ஒரு வார்த்தை."

அவர் புத்தகத்தை மூடினார். முதல் முறையாக அவளுக்காக வாய் திறந்தார்.

"நம் தகப்பன் போய்விட்டார்."

திடுக்கிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். மறுபடி முயன்றார்.

"இனி இந்த வீட்டில் யார் விளக்கேற்றுவார்?"

அதன்பின் அவருக்கு வேறு பேச்சே வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டாலும் பிரசங்கம்தான். அதிர்ச்சி என்கிறார் டாக்டர். புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நர்ஸ் அதைப் புரட்டிப் பார்த்து முகம் வெளுத்தார். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை. கறுப்புக் கரை மட்டும் இருந்தது.

இப்போது தினமும் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருக்கிறார். எதிரே தரையில் இரண்டு சின்ன ஈரத் தடங்கள், பிள்ளைகள் உட்கார்ந்து எழுந்த மாதிரி. முதலில் துடைத்தேன். மறுநாள் அவை அவருக்கு இன்னும் கொஞ்சம் கிட்டே வந்திருக்கும். எழ முடியாமல், நாற்காலியைப் பின்னால் நகர்த்தச் சொல்லிக் கண்ணால் கெஞ்சுகிறார்.

நான் நகர்த்தவில்லை. துடைப்பதையும் விட்டுவிட்டேன்.

நேற்று அவர் மடி இரண்டு இடத்தில் நனைந்திருந்தது.